பெயரிடுவது யார் கடன்?

மாமல்லபுரத்தில் இன்று நாம் வழங்கும் பெயர்களில் பெரும்பாலானவை பல்லவர்கள் இட்டவை அல்ல. ஐந்து ரதங்களுக்கும் பாண்டவர்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தருமராச ரதத்தின் மேல்தளத்தில் அக்கோயிலின் பெயர் ‘அத்யந்தகாம பல்லவேச்சர கிருகம்’ என்று தெளிவாகவே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் ஊரார் இட்ட பெயரே நிலைத்தது. கடல்வழி வந்த ஐரோப்பிய மாலுமிகள் இவ்வூரை ‘ஏழு பகோடாக்கள்’ என்றனர். ஆழ்வார் பாடல்களில் இது கடல்மல்லை. நூறடிக்குச் சற்றுக் குறைந்த நீளமுடைய பெரும்பாறைச் சிற்பம் அருச்சுனன் தவம் என்றே வழங்கி வந்தது. 1914இல் விக்டர் கோலூபெவ் என்ற அறிஞர், அது கங்கை இறங்கும் காட்சி என்று எழுதினார். ஒற்றைக் காலில் நின்று தவம் செய்பவன் அருச்சுனனா, பகீரதனா என்ற வாதம் நூறாண்டுக்கு மேலாகியும் முடியவில்லை. பாறைப் பிளவின் நாகங்களும், தவம் செய்வதுபோல் நின்று எலிகளை ஏய்க்கும் பூனையும் இந்த வாதத்தைப் பொருட்படுத்தாமல் தம் இடத்தில் இருக்கின்றன.

செய்தவன் ஒன்றைச் செய்துவிட்டுப் போகிறான். பெயரைப் பார்த்தவன் இடுகிறான். செங்கற்பட்டுச் சீமையில் வாழும் எவருக்கும் இது புதிய செய்தியன்று. ஆனால் தமிழில் ஓர் இசைத்தொகுப்பு இந்த உண்மையையே தன் தலைப்பாக வைத்துக்கொண்டு வெளிவந்தது. 1986இல் இளையராஜா வெளியிட்ட ‘ஹௌ டு நேம் இட்?’ என்ற அத்தொகுப்பையும், அதை நம்மவர்கள் ரசித்த விதத்தின் வரலாற்றையும் பற்றியது இக்கட்டுரை. எப்படிப் பெயரிடுவது என்ற அந்தக் கேள்வியை வெறும் அடக்கமாகவோ சாமர்த்தியமாகவோ நான் கொள்ளவில்லை. ரசிகனிடம் ஒப்படைக்கப்பட்ட ஒரு வேலையாகவே கொள்கிறேன். அந்த வேலையைப் பாதிதான் முடித்திருக்கிறோம் என்பது என் துணிபு.

*

முதலில் ‘ஆல்பம்’ என்ற வடிவத்தைப் பற்றிச் சில சொற்கள். மேலைநாட்டு ராக் இசையில் 1960களிலிருந்து, ஒரு நீள்தட்டின் இருபக்கங்களையும் ஒரே படைப்பாகக் கேட்கும் வழக்கம் வேரூன்றியது. 1970களின் பிற்பகுதியில் ‘நியூ வேவ்’ என்ற அலை எழுந்தபோது அவ்வழக்கம் முழு வளர்ச்சி பெற்றிருந்தது. அந்தப் பெயரைப் பரப்பியவர்கள் பத்திரிகைக்காரர்களும் இசைத்தட்டு நிறுவனத்தாரும். 1980 அக்டோபரில் வெளிவந்த டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் ‘ரிமெய்ன் இன் லைட்’ அவ்வலையின் உச்சங்களில் ஒன்றாக இன்றும் போற்றப்படுகிறது. நைஜீரியக் கலைஞர் ஃபேலா குட்டியின் தாளச் சுழற்சிகளை நியூயார்க் நகரத்து ராக் குழு ஒன்று உள்வாங்கிக்கொண்ட தொகுப்பு அது. தயாரித்தவர் பிரையன் ஈனோ. அதன் ரசிகர்கள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவரும் கேள்வி நமக்கும் அயலானதன்று: இது கடன் வாங்கியதா, உரையாடியதா? அவர்கள் அக்கேள்வியைத் தொகுப்பு முழுவதையும் வைத்து, எந்தப் பகுதிக்குப் பின் எது வருகிறது, எந்தக் கருவியை வாசித்தவர் யார் என்பது வரையில் பேசுகிறார்கள். அப்படிப் பேசும் பயிற்சியே அந்தத் தொகுப்பை உயிரோடு வைத்திருக்கிறது.

அதே பத்தாண்டில் தமிழ்நாட்டில் ஒலிநாடா வீடுதோறும் புகுந்தது. ஆனால் நாம் ஒலிநாடா வாங்கியது பெரும்பாலும் திரைப்படத்தின் பெயரால். ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொரு படம் என்று இருந்தால்கூட நமக்கு முரண்பாடு தோன்றியதில்லை. பதிவுக்கடையில் ஒரு தாளில் பாடல் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் போய் நாடாவைப் பெற்றுக்கொள்வோம். பாட்டை நாம் அடையாளம் சொன்ன முறையும் தனி: முதலடி, படத்தின் பெயர், பாடியவர். பதிகங்களை முதற்சொல்லால் சுட்டும் நெடிய மரபு உடையவர்கள் நாம். சங்கத் தொகைநூல்களில் இயற்பெயர் தெரியாத புலவர்க்கு அவர் பாட்டின் தொடரே பெயராயிற்று. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார் என்ற பெயர்களை அப்புலவரின் பெற்றோர் இட்டிருக்க முடியாது. தொகுத்தவர்கள், அதாவது நமக்குத் தெரிந்த முதல் ரசிகர்கள், இட்ட பெயர்கள் அவை.

இத்தகைய ஒரு சமூகத்தின் கையில் சொல்லே இல்லாத ஒரு நாடா வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? முதலடி இல்லை, படம் இல்லை, பாடியவரும் இல்லை. நண்பனிடம் “அந்த இசை” என்று சொல்லிவிட்டு, அதை முனகிக் காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. 1990களின் பிற்பகுதியில் நான் கல்லூரி மாணவனாக இருந்தபோதும் நிலைமை அதுதான். என் கைக்கு வந்தது நகலின் நகல். உறை கிடையாது. நாடாவின் முதுகில் யாரோ பச்சை மையில் ‘ராஜா – வயலின்’ என்று எழுதியிருந்தார்கள். அதுவும் ஒரு பெயரிடல்தான்.

*

இத்தொகுப்பை இளையராஜா இருவர்க்குக் காணிக்கையாக்கினார்: ஒருவர் தியாகராசர், மற்றவர் யோஹான் செபாஸ்டியன் பாக். பாக் 1685இல் பிறந்து 1750இல் மறைந்தவர். தியாகராசர் பிறந்தது 1767இல். இடையே பதினேழு ஆண்டுகள். இருவரும் ஒரே காலத்தில் மூச்சு விட்டதில்லை. காலத்தால் நேராத சந்திப்பை இசையால் நேர்விக்க முயன்றார் பண்ணைப்புரத்திலிருந்து வந்தவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றவர் அவர். 1976இல் ‘அன்னக்கிளி’யுடன் தொடங்கி, பத்தாண்டுகளில் தமிழ்த் திரையிசையின் போக்கையே மாற்றியிருந்தார். அந்தப் பத்தாண்டின் முடிவில், பாட்டும் பாடகரும் இல்லாத ஒரு தொகுப்பை அவர் செய்ததை நாம் எளிதாகக் கடந்துபோகலாகாது.

இச்சந்திப்புக்கு நம் பகுதியில் ஒரு முன்கதை உண்டு. மேற்கத்திய இசையும் கருநாடக இசையும் முதன்முதலாக நெருங்கிப் பழகிய இடங்களில் ஒன்று சென்னைக்கு வடக்கே உள்ள மணலி. மணலி முதலியார்களின் ஆதரவில் முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் அங்கே வாழ்ந்தது. கோட்டையில் ஆங்கிலேயரின் வாத்தியக் குழு வாசித்த மெட்டுகளுக்குத் தீட்சிதர் வடமொழியில் சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரங்கள் என்ற பெயரில் நாற்பது அளவில் அவை நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று அதைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தார் என்பது மரபு. தியாகராசரும் இந்தச் சீமையை மிதித்தவரே. பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கோவூரில் சுந்தரேசுவரர் மீது அவர் இயற்றிய ஐந்து கிருதிகள் கோவூர்ப் பஞ்சரத்தினம் என்று வழங்குகின்றன. எனவே 1986இல் நிகழ்ந்ததை வானத்திலிருந்து விழுந்த விந்தையாகக் கொள்ள வேண்டியதில்லை. நூற்றெண்பது ஆண்டுகளாக விட்டுவிட்டு நடந்துவந்த பேச்சின் ஒரு பகுதி அது. வேறுபாடு ஒன்றுண்டு. தீட்சிதர் மேற்கின் மெட்டை எடுத்துக்கொண்டு நம் சொல்லைச் சேர்த்தார். இளையராஜா மேற்கின் கட்டுமான முறையை எடுத்துக்கொண்டு சொல்லையே நீக்கிவிட்டார்.

கட்டுமான முறை என்றேன். அதைச் சற்று விளக்க வேண்டும். மேற்கத்திய இசையை நம் இராகத்தோடு சேர்க்க முயல்வோர் பலரும் சறுக்குமிடம் ‘கார்ட்’ என்னும் சுரக்கூட்டு. மூன்று நான்கு சுரங்களை ஒரே கணத்தில் அடுக்கி ஒலிக்கும்போது, இராகம் தன் நடையை இழந்து நின்றுவிடுகிறது. இராகத்தின் உயிர் சுரங்களில் மட்டும் இல்லை. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியில் இருக்கிறது. பாக்கின் இசையோ பெரிதும் கோடுகளால் ஆனது. ஒன்றுக்கு மேற்பட்ட மெட்டுகள் தத்தம் வழியே நடந்து, சந்திக்கும் இடங்களில் அழகு கொள்ளும் ‘கவுண்டர்பாயின்ட்’ முறை அது. ஒவ்வொரு கோடும் தன் இராக வழியைக் கைவிடாமலே மற்றொன்றோடு இணைந்து நடக்க அதில் இடமுண்டு. தியாகராசரோடு உரையாட மேற்கிலிருந்து பாக்கை அழைத்ததில் உள்ள நுட்பம் இதுவே என்று நினைக்கிறேன்.

இத்தொகுப்பில் ‘மேட் மாட் மூட் ஃபியூக்’ என்றொரு பகுதி இருக்கிறது. ஃபியூக் என்பது ஒரு சிறு மெட்டை முதலில் ஒரு குரல் தனியே சொல்ல, அடுத்த குரல் அதே மெட்டை வேறு சுருதி நிலையில் எடுத்துக்கொள்ள, முதற்குரல் நிற்காமல் மேலே தொடரும் அமைப்பு. தமிழ் பயின்றோர்க்கு அந்தாதி நினைவுக்கு வரலாம். அந்தாதியில் ஒன்று முடிந்த இடத்தில் மற்றொன்று தொடங்கும். ஃபியூகில் ஒன்று முடியாமலேயே மற்றொன்று தொடங்கும். ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற பகுதியில் பாக்கின் தனி வயலினுக்கான மூன்றாம் பார்ட்டிட்டாவின் முகப்பிசையைக் கேட்கிறோம். 1720ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படியில் உள்ள உருப்படி அது. அதன்மேல் இளையராஜா தன் கோடுகளை இழைக்கிறார். “பிறர் இசைமேல் கைவைக்கலாமா” என்று கேட்போர் ஒன்றை நினைவில் கொள்ளலாம். பாக்கே அதே முகப்பிசையை 1731இல் தன் தேவாலயக் கேண்டாட்டா ஒன்றில் ஆர்கனுக்கும் வாத்தியக் குழுவுக்குமாக விரித்து எழுதினார். தனி வயலின் உள்ளுக்குள் ஒரு கூட்டத்தையே வைத்திருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார். தியாகராசரின் சங்கதிகளும் இத்தகையவையே. ஒரே அடி மீண்டும் மீண்டும் வந்து, ஒவ்வொரு முறையும் ஒரு மடிப்பு கூடுதலாக விரிகிறது. இருவரும் சிறு விதையொன்றை முழுவதும் செலவழித்துக் காட்டும் சிக்கனக்காரர்கள். அந்தச் சிக்கனத்தில்தான் அவர்கள் சந்திக்கிறார்கள்.

*

சொல்லில்லாத இந்த இசைக்குத் தமிழர் இட்ட முதல் பெரும் பெயர் திரையிலிருந்து வந்தது. பாலு மகேந்திராவின் ‘வீடு’ 1988இல் வெளியானது. பாடல்களே இல்லாத படம். பின்னணிக்கு இத்தொகுப்பின் இசையையே பாலு மகேந்திரா பயன்படுத்தினார். நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி சென்னையில் ஒரு சிறு வீடு கட்ட முயல்கிறாள். கடன், ஒப்பந்தக்காரர், சிமெண்ட் என்று ஒவ்வொன்றும் அவளைக் குலைக்கிறது. இறுதியில் நிலமே அரசுத் துறையொன்றின் பிடியில் சிக்குகிறது. வீடு முடிவதில்லை. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த இப்படத்தில், பாதியில் நிற்கும் சுவர்களினூடே சொக்கலிங்க பாகவதர் நடந்து வரும்போது ஒலிக்கும் வயலினைக் கேட்டவர்கள் பிறகு அதை வேறு எதுவாகவும் கேட்க இயலவில்லை. படம் பார்த்த தலைமுறைக்கு அந்த இசையின் பெயர் ‘வீட்டு மியூசிக்’ என்றாயிற்று.

பாக்கையும் தியாகராசரையும் நோக்கிச் செய்த இசை, ஓர் எழுத்தர் வேலைப் பெண்ணின் செங்கல் கணக்கோடு பிணைந்ததைச் சிலர் குறையாகச் சொல்வர். நான் அப்படிக் கருதவில்லை. ரதங்களைப் பாண்டவர்க்கு உரிமையாக்கிய ஊரார் செய்ததும் இதுவே. தம் வாழ்வில் தமக்குத் தெரிந்த ஒரு கதையைக் கல்லின்மேல் ஏற்றினார்கள். அதனால் கல் சிறுமைப்படவில்லை. மக்கள் நாவில் வாழ்ந்தது. மாமல்லபுரத்துப் படைப்புகளிலும் முற்றுப்பெறாதவை பல. உளி நின்ற இடம் அப்படியே தெரிகிறது. முற்றுப்பெறாத வீட்டுக்கு இந்த இசை பொருந்தியதில் வியப்பில்லை.

வேறொரு மறுப்பு இன்னும் வலுவானது. “திரைப்பாடல்களிலேயே இளையராஜா இதையெல்லாம் செய்துவிட்டார், பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே வரும் அரை நிமிட இடையிசையில் உள்ள செறிவு இங்கே நீர்த்திருக்கிறது” என்பது அது. சங்கீத சபைகளின் பக்கமிருந்து நேர் எதிரான குறை எழுந்தது: “இது கருநாடகமும் இல்லை, மேற்கத்தியமும் இல்லை.” இவ்விரு மறுப்புகளுமே ஒப்பிட்டுப் பார்ப்பதிலிருந்து பிறக்கின்றன. தொகுப்பின் ஒரு பகுதிக்கு ‘டோன்ட் கம்பேர்’ என்றே தலைப்பு இருப்பதை இங்கே புன்னகையோடு குறிப்பிடலாம். முதல் மறுப்பில் உண்மை இல்லாமலில்லை. சில பகுதிகள் பயிற்சித்தாள்போல் நிற்கின்றன என்பதை எவ்வளவு பெரிய ரசிகரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இடையிசை எவ்வளவு செறிவானதாயினும் அது சொல்லுக்கு முன்னும் பின்னும் நிற்பது. சொல்லைத் தாங்காத தமிழ் இசை தன் காலில் நிற்குமா என்ற சோதனை வேறு. மகேந்திரவர்மப் பல்லவன் மண்டகப்பட்டில் செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றிக் கோயில் எடுத்ததாகக் கல்லில் எழுதி வைத்தான். அக்குடைவரை பிற்காலத்துக் கோயில்களைவிட அழகியது என்று யாரும் சொல்வதில்லை. எவையெல்லாம் இல்லாமல் ஒன்றைச் செய்ய முடியும் என்று காட்டியதே அதன் பெருமை. ‘ஹௌ டு நேம் இட்?’ நம் திரையிசைக் காலத்தின் மண்டகப்பட்டு.

*

இனி, முடிக்காமல் விட்ட பாதி வேலையைப் பற்றி.

மாமல்லபுரத்துக்கு அருகே பூஞ்சேரியில் ஒரு பாறைமேல் சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன: கேவாத பெருந்தச்சன், பய்யமிழிப்பான், கொல்லன் சேமகன் என்று. இவை பல்லவர் காலக் கல்தச்சர்களும் அவர்களோடு பணியாற்றியோரும் விட்டுச்சென்ற பெயர்கள் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அரசனின் விருதுப்பெயர்கள் கோயில்களில் வரிசையாக நிற்க, வேலை செய்தவர்களின் பெயர்கள் ஊர்ப்புறத்துப் பாறையில் இருக்கின்றன. மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றால், ரதங்களின் முன் நிற்பதைவிட அதிக நேரம் அந்தப் பெயர்களின் முன் நிற்கிறார்கள். கொல்லன் உளியைத் தீட்டிக் கொடுக்காவிட்டால் தச்சன் என்ன செய்திருப்பான் என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி.

அதே கேள்வியை நம் இசைத்தொகுப்பிடமும் கேட்க வேண்டும். தனி வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன் என்பது ரசிகர்களுக்குத் தெரியும். பின்னாளில் சென்னைத் தந்தி நால்வர் குழுவை உருவாக்கி, கருநாடகக் கிருதிகளை நான்கு தந்திக் கருவிகளுக்குப் பிரித்து எழுதும் பணியை அவர் தொடர்ந்தார். மற்றவர்கள்? கமகத்தைத் தனி ஒருவர் வாசிப்பது ஒன்று. ஒரு கூட்டமே ஒரே அசைவில், ஒரே வில்வீச்சில் வாசிப்பது முற்றிலும் வேறு. எழுதிக் கொடுத்த தாளில் சுரம் இருக்கும். அசைவு முழுதாக இருக்காது. அதை ஒருவரை ஒருவர் பார்த்தும் கேட்டும் ஒன்றாக்கியவர்கள் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களின் தந்திக் கலைஞர்கள். காலையில் ஒரு படம், மாலையில் ஒரு படம் என்று வில்லைக் கீழே வைக்காமல் உழைத்த தலைமுறை அது. பதிவுக்கடை நகல்களில் இத்தொகுப்பைக் கேட்டு வளர்ந்த என்னைப் போன்ற எண்ணற்றவர்க்கு அவர்களுள் ஒருவர் பெயர்கூட வந்து சேரவில்லை. 1990களில் கணினியும் சிந்தசைசரும் பெருகப் பெருக, அக்கூடங்களில் தந்திக் கூட்டங்கள் சிறுத்தன. அன்று வாசித்தவர்களில் இருப்போர் இப்போது முதுமையில் இருப்பார்கள்.

ராக் இசையின் ரசிகர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது இந்த இடத்தில்தான் இருக்கிறது. அவர்கள் தங்கள் தொகுப்புகளைப் பற்றிப் பேசும்போது தாளக்கருவி வாசித்தவர், ஒலிப்பதிவுப் பொறியாளர், உறை வரைந்தவர் ஆகிய எல்லாரையும் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். நம் ரசனையோ பெரும்பாலும் ஒற்றைப் பெயர் ரசனை. ‘ராஜா’ என்று சொல்லிவிட்டால் எல்லாம் சொல்லியாயிற்று என்று அமைதி கொள்கிறோம். பிரேம்–ரமேஷ் எழுதிய ‘இளையராஜா: இசையின் தத்துவமும் அழகியலும்’ போன்ற நூல்கள் அவர் இசையைச் சிந்தனையாக வாசிக்க வழி செய்தன. அவ்வழியில் நடந்தவர் சிலரே. ஒருபுறம் கும்பிடு, மறுபுறம் எள்ளல். இடையே கேட்டல் குறைவு. தந்திக் கருவிக் கூட்டம் ஒன்றாய் இழையும் ஒலியைச் சுட்ட நம்மிடம் இன்னும் ஒரு நிலைத்த சொல் இல்லை. செம்புலப்பெயனீரார் என்று பெயரிடத் தெரிந்த மொழிக்கு இது இயலாததன்று.

காலம் நகர்ந்துவிட்டது. 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’ வந்தது. 2005இல் புடாபெஸ்ட் சிம்பொனிக் குழுவோடு திருவாசகம் வந்தது; அங்கே சொல் மீண்டும் தலைமை ஏற்றது. 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் ராயல் பில்ஹார்மானிக் குழு ‘வேலியன்ட்’ என்னும் அவருடைய சிம்பொனியை அரங்கேற்றியது. அந்த அரங்கத்தைப் பற்றிப் பெருமிதத்தோடு பலரும் எழுதினார்கள், பெருமிதம் நியாயமானதே. ஆனால் அந்த வழியின் முதற்படிகளில் ஒன்று, சென்னையில் உள்ளூர்க் கலைஞர்களின் வில்களால் கட்டப்பட்டது என்பதை எழுதியவர்கள் குறைவு.

எப்படிப் பெயரிடுவது என்று கேட்ட படைப்புக்கு நாம் ஒரு விடையைத் தந்துவிட்டோம்: பாதியில் நின்ற ஒரு வீட்டின் பெயரை அதற்கு வைத்தோம். இன்னொரு விடை மீதமிருக்கிறது. வாசித்தவர்களைத் தேடிக் கண்டு, அவர்கள் எந்தக் கருவியை எப்படி வாசித்தார்கள் என்று கேட்டு, பெயர்களை எழுதிவைப்பது. இதற்கு இசைப்புலமை தேவையில்லை. ஒரு குறிப்பேடும் சற்றுப் பொறுமையும் போதும். பூஞ்சேரிப் பாறையில் தம் பெயரைத் தாமே வெட்டிக்கொள்ளக் கல்தச்சர்களின் கையில் உளி இருந்தது. வில் பிடித்த கைகளால் காற்றில் எதையும் பொறித்துவைக்க முடியாது.